மந்திரப் பொறி வைப்பது எப்படி? புதிதாக ஆட வருபவர்களுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் போடுவதில் பெரிய சிக்கல் கிடையாது. கையை நீட்டினோம், வெடித்தது, பகடையை உருட்டிக் கூட்டிச் சொன்னோம், அடுத்த ஆளின் முறை வந்தது. பொறி மந்திரமும் எச்சரிக்கை மந்திரமும் அப்படி இல்லை. இன்றைக்குப் போட்டுவிட்டுப் போகிறோம். அது நாளைக்கோ, மூன்று ஆட்டம் கழித்தோ, நாம் அந்த இடத்திலேயே இல்லாதபோது வேலை செய்ய வேண்டும். அப்போதுதான் "நான் அப்படிச் சொல்லவே இல்ல", "இல்ல, நீ இப்படித்தான் சொன்ன" என்று மேசையில் வாக்குவாதம் கிளம்பும். இந்த வாக்குவாதங்களில் முக்கால்வாசி, மந்திரம் போடும்போது ஒரே ஒரு வாக்கியத்தைச் சரியாக எழுதி வைக்காததால் வருபவை. அந்த வாக்கியத்தை எழுதக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இங்கே வரும் எண்கள் எல்லாம் இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014 விதிகளின்படி உள்ளவை. 2024-இல் வந்த திருத்திய விதிகளில் சில இடங்கள் மாறியிருக்கின்றன. அதனால் உங்கள் மேசையில் எந்தப் புத்தகம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் வாங்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. நான் விரிவாகச் சொல்லப்போகும் மூன்று மந்திரங்களும் அதில் இருக்கின்றன.

குழப்பம் வராமல் இருக்க இன்னொன்று. கதாபாத்திரத்தின் வளர்ச்சியை 'லெவல்' என்றும் மந்திரத்தின் படியை 'நிலை' என்றும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். 3-ஆம் நிலை மந்திரத்தை 3-ஆம் லெவல் விஸார்ட் போட முடியாது. அதற்கு அவர் 5-ஆம் லெவலுக்கு வர வேண்டும். விஸார்ட் (மந்திரவாதி), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்), பார்ட் (பாணர்), கிளெரிக் (பூசாரி), ரோக் (திருட்டுக் கைகாரர்), ஃபைட்டர் (போர்வீரர்) எல்லாம் கதாபாத்திர வகைகள்.

முதல் படி: நான்கு கேள்விகள்

காத்திருக்கும் மந்திரம் எதுவானாலும் அதன் விவரத்தைப் படிக்கும்போது நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? எது நடந்தால் கிளம்பும், யாருக்கு விலக்கு? கிளம்பினால் என்ன ஆகும்? எவ்வளவு நேரம் காத்திருக்கும்? விதிப்புத்தகம் இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்லாது. ஒன்று தலைப்புக்குக் கீழே இருக்கும், இன்னொன்று நான்காவது பத்தியில் ஒளிந்திருக்கும். ஒரு சின்ன அட்டையில் நான்கு வரியாக எழுதிவிட்டால் ஆட்டத்தின் நடுவில் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. டிரிகர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மற்ற மூன்றுக்கும் விதியிலேயே எண் இருக்கும். டிரிகரை மட்டும் பெரும்பாலும் நாமே எழுதுகிறோம்.

இரண்டாம் படி: அலாரத்தில் தொடங்குங்கள்

புதியவர்கள் நேராக வெடிக்கும் மந்திரத்துக்குப் போவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1-ஆம் நிலையில் இருக்கும் அலாரம் மந்திரத்தை நன்றாகப் பழகியவருக்கு மற்றதெல்லாம் தானாக வரும். விஸார்ட் முதல் லெவலிலேயே கற்கலாம், ரேஞ்சர் இரண்டாம் லெவலில்.

போட ஒரு நிமிடம் ஆகும். 30 அடிக்குள் ஒரு கதவையோ ஜன்னலையோ, 20 அடிக் கனசதுரத்துக்கு மேற்படாத ஓர் இடத்தையோ தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த 8 மணி நேரம் அந்த இடத்தை எந்த உயிரினம் தொட்டாலும், அதற்குள் நுழைந்தாலும் உங்களுக்குத் தெரியும். யாரெல்லாம் வந்தால் அடிக்கக் கூடாது என்பதை மந்திரம் போடும்போதே சொல்லிவிடலாம். சடங்காகப் போட்டால் 10 நிமிடம் கூடுதலாகும், ஆனால் ஸ்லாட் (மந்திரம் போட அளவாகக் கிடைக்கும் வாய்ப்பு) செலவாகாது. விஸார்டுக்கு இந்தச் சடங்கு வசதி உண்டு. 2014 ரேஞ்சருக்கு இல்லை. அவர் ஸ்லாட்டைக் கொடுத்தே தீர வேண்டும்.

இரண்டு வகை ஒலி இருக்கிறது. மனதுக்குள் அடிப்பது ஒன்று: நீங்கள் ஒரு மைலுக்குள் இருந்தால் கேட்கும், தூங்கினாலும் எழுப்பும், உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியே அடிப்பது இன்னொன்று: கைமணிச் சத்தம் 10 விநாடிக்கு, 60 அடி வரை. வெளி மணி நண்பர்களையும் எழுப்புமே என்று புதியவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். எழுப்பும்தான். கூடவே, "மாட்டிக்கொண்டாய்" என்று வந்தவனுக்கும் தகவல் போய்விடும். பத்தில் ஒன்பது தடவை மன மணியே போதும். நீங்கள் விழித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருப்பவரை ஓர் உதை விட்டால் வேலை முடிந்தது. வந்தவன் நீங்கள் இன்னும் தூங்குவதாகவே நினைத்துக்கொண்டிருப்பான். ஆளை விரட்டினால் போதும், சண்டை வேண்டாம் என்றால் மட்டும் வெளி மணி.

இப்போது இடம். காட்டில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள், முகாமின் மேல் அலாரம் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 20 அடிக் கனசதுரம் என்பது ஐந்து படுக்கையும் ஒரு நெருப்பும் கொள்ளும் இடம். ஓநாய் அதற்குள் நுழைந்து மணி அடிக்கும்போது அது யாரோ ஒருவரின் கால்மாட்டில் நிற்கும். எச்சரிக்கை வந்தது, நேரம் வரவில்லை. 80 அடி தள்ளி நின்று அம்பு விடுகிறவனுக்கோ மணியே அடிக்காது. அதனால் படுக்கும் இடத்தைச் சுற்றிப் போடாதீர்கள். வருகிறவன் எந்த வழியாக வந்தாக வேண்டுமோ அந்த வழியில் போடுங்கள்: குகை வாய், பாலம், மாடிப்படியின் கீழ்ப்பகுதி, இரண்டு பாறைக்கு நடுவிலுள்ள சந்து. இதற்குக் கான்சென்ட்ரேஷன் (மந்திரம் ஓடும்வரை கவனத்தைப் பிடித்து வைப்பது) தேவையில்லை, எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சடங்காக ஒன்றுக்கு 11 நிமிடம். நான்கு பக்கமும் அடைக்க முக்கால் மணி நேரம். ஸ்லாட் செலவே இல்லாமல் கிடைப்பதால் இரவில் முகாம் போடும்போது இதைச் செய்யாத விஸார்டைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அப்புறம் எலி. 'டைனி' (மிகச் சிறிய) அளவோ அதற்கு மேலோ உள்ள எந்த உயிரினம் வந்தாலும் அலாரம் அடிக்கும் என்கிறது விதி. எலி, பூனை, வௌவால் எல்லாமே டைனிதான். பாழடைந்த கோட்டையில் தரை முழுக்க அலாரம் போட்டுவிட்டுப் படுத்தால் அன்றிரவு தூக்கம் கிடையாது. சாத்தியிருக்கும் கதவில் போடுங்கள், தொல்லை குறையும். "எல்லா எலிகளுக்கும் விலக்கு" என்று சொல்லலாமா என்பதை விதி தெளிவாகச் சொல்லவில்லை; டிஎம்மை (ஆட்டத்தை நடத்துபவரை) கேளுங்கள். விலக்குப் பட்டியலில் உங்கள் குழுவையும், விஸார்டின் ஆந்தையையும், கூட வந்த கழுதையையும் மறக்காமல் சேருங்கள். நடு இரவில் ஒதுங்கப் போன ஃபைட்டரால் முகாமே வாளோடு எழுந்து நின்ற கதை ஏறக்குறைய எல்லா மேசையிலும் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் வருகிறவன் அலாரத்தை ஏமாற்ற முடியாது. நுழைந்தாலே போதும், பார்க்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஆனால் வந்தது யார், எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. அடித்தபின் தீர்ந்துபோவதும் இல்லை. 8 மணி நேரம் முடியும்வரை ஒவ்வொரு நுழைவுக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த 8 மணி நேரத்திலும் ஒரு நுணுக்கம்: நீண்ட ஓய்வும் 8 மணி நேரம்தான். அலாரம் போட்டபின் சமையல், காவல் முறை பேசுவது என்று அரை மணி நேரம் போனால், விடியற்காலையில் கடைசி அரை மணி நேரம் மணியில்லாமல் கழியும். கெட்டிக்கார டிஎம் அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் படி: பேசும் வாய்

மேஜிக் மவுத் 2-ஆம் நிலை மந்திரம், விஸார்டும் பார்டும் போடலாம். ஒரு பொருளில் 25 சொல்லுக்குள் ஒரு செய்தியைப் பதித்து வைக்கிறீர்கள். நிபந்தனை நிறைவேறியதும் அதில் ஒரு வாய் தோன்றி அதைச் சொல்லும். தேனடைத் துண்டும் 10 தங்கக் காசு மதிப்புள்ள ஜேட் பொடியும் செலவாகும். யாராவது கலைக்கும்வரை மந்திரம் நிற்கும், ஒவ்வொரு தடவையும் திரும்பச் சொல்லும்படியும் வைக்கலாம். 10 காசுக்கு நிரந்தரக் காவல்காரன். இந்த ஆட்டத்தில் இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியாது. (25 சொல் போதாது என்று கவலைப்படாதீர்கள். தமிழில் ஆடுபவர்கள் சேர்த்து எழுதியே ஒரு கதை சொல்லிவிடலாம்.)

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். நிபந்தனை அந்தப் பொருளிலிருந்து 30 அடிக்குள் பார்க்கவோ கேட்கவோ முடிந்த ஒன்றாக இருக்க வேண்டும். "கெட்ட எண்ணத்தோடு யாராவது வந்தால்" என்று வைக்க முடியாது. "கையில் ஆயுதம் ஏந்திய யாராவது வாசலைத் தாண்டினால்" என்று வைக்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் சத்தமின்றி வருகிறவன் இதை ஏமாற்றிவிடுவான், அலாரத்தை ஏமாற்ற முடியாதவன் இங்கே தப்பிக்கிறான். இரண்டாவது, பதிக்கும்போது எந்தக் குரலில், எவ்வளவு உரக்கச் சொன்னீர்களோ அதே குரலில், அதே அளவில்தான் வாய் பேசும். கிசுகிசுத்தால் கிசுகிசுக்கும். காவலறையில் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றால் பதிக்கும்போதே கத்திவிடுங்கள்.

நான்காம் படி: கிளிஃப், எழுதி வைக்கும் வெடி

கிளிஃப் ஆஃப் வார்டிங் 3-ஆம் நிலை மந்திரம். பார்ட், கிளெரிக், விஸார்ட் மூவரும் போடலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தரை, சுவர், மேசை போன்ற ஒரு பரப்பிலோ, பெட்டி, புத்தகம் மாதிரி மூடக்கூடிய பொருளின் உள்ளேயோ ஒரு குறியை எழுதுகிறீர்கள். சாம்பிராணியும் 200 தங்கக் காசு மதிப்புள்ள வைரப் பொடியும் இதில் கரைந்துபோகும். கிளம்பும்வரை அல்லது யாராவது கலைக்கும்வரை நிற்கும். ஒரு தடவை கிளம்பினால் முடிந்தது.

நேரத்தையும் காசையும் பார்த்தாலே இது சண்டைக்களத்தில் போடும் மந்திரம் இல்லை என்பது புரியும். இது வீட்டுக்கும் நூலகத்துக்கும் கல்லறைக்குமானது.

கிளம்பினால் என்ன ஆக வேண்டும் என்பதில் இரண்டு வழி. ஒன்று வெடிப்பு: குறியை மையமாக வைத்து 20 அடி ஆரத்துக்கு, மூலை திரும்பியும் பரவும். டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பாகத் தப்பிக்க உருட்டும் பகடை) தோற்றால் 5டி8 சேதம், அதாவது எட்டுப் பக்கப் பகடை ஐந்தின் கூட்டுத்தொகை; ஜெயித்தால் பாதி. அமிலம், குளிர், நெருப்பு, மின்னல், இடி இவற்றில் எது என்பதை எழுதும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் பழக்கத்தில் நெருப்பு என்பார்கள். நெருப்பைத் தாங்கும் அரக்கர்கள் இந்த ஆட்டத்தில் ஏராளம். இடியைத் தாங்குபவை ரொம்பக் குறைவு.

இரண்டாவது வழி, வேறொரு மந்திரத்தை உள்ளே அடைத்து வைப்பது. அது 3-ஆம் நிலைக்குள் இருக்க வேண்டும், ஒற்றை உயிரினத்தையோ ஓர் இடத்தையோ குறிவைப்பதாக இருக்க வேண்டும். கிளப்பியவர் மீதே அது பாயும். கான்சென்ட்ரேஷன் தேவைப்படும் மந்திரமாக இருந்தால், யாரும் கவனத்தைப் பிடித்து வைக்காமலேயே முழு நேரமும் ஓடும். இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. அடைக்கும் மந்திரம் தீங்கு செய்வதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. உங்கள் கோட்டையின் உள்வாசலில் ஹேஸ்ட் அடைத்து, "எங்கள் குழுவின் சங்கேதத்தைச் சொல்லி இந்தக் கல்லை மிதிப்பவர்" என்று டிரிகர் வைத்தால், முற்றுகை நாளில் உங்கள் ஃபைட்டர் வாசலைத் தாண்டும்போதே இரட்டை வேகத்தில் இருப்பார், விஸார்டின் கவனமும் கட்டுப்பட்டிருக்காது. ஒவ்வொன்றுக்கும் 200 காசு ஆகும் என்பதுதான் இதற்குக் கடிவாளம்.

இனி அந்த வாக்கியம். புதியவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"எதிரி யாராவது வந்தால் வெடிக்க வேண்டும்."

எதிரி என்று குறிக்கு எப்படித் தெரியும்? உயரம், எடை போன்ற உடல் அடையாளம், உயிரின வகை, அலைன்மென்ட் (நல்லவர், கெட்டவர் என்ற குணச்சார்பு) ஆகியவற்றை வைத்து டிரிகரைச் சுருக்கலாம் என்கிறது விதி. உள்நோக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. 'வருவது' என்பதும் தெளிவில்லை. அறைக்கா, பெட்டிக்குப் பக்கத்திலா? சரி, திருத்துவோம்:

"என்னைத் தவிர வேறு எந்த உயிரினமாவது இந்தப் பெட்டியைத் திறந்தால் வெடிக்க வேண்டும்."

இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வாரம் உங்கள் கிளெரிக் அவசரத்துக்கு ஒரு மருந்துக் குப்பி எடுக்கப் போனால் அவர் காலி. எதிரியின் விஸார்ட் மேஜ் ஹேண்ட் வைத்துத் திறந்தால் வெடிக்குமா? அந்த மாயக் கை உயிரினமே இல்லையே. இன்னொரு தடவை:

"'நிலவு தேய்கிறது' என்று பெட்டியின் அருகில் உரக்கச் சொல்லி ஒரு நிமிடம் ஆவதற்குள் அல்லாமல், வேறு எப்போது இந்தப் பெட்டியின் மூடி திறக்கப்பட்டாலும் வெடிக்க வேண்டும்."

இதில் ஆள் யார் என்ற கேள்வியே எழவில்லை. திறந்தது கையா, மாயக் கையா, கடப்பாரையா என்பது பொருட்டில்லை. உங்கள் கூட்டாளிக்கும் வழி இருக்கிறது. சங்கேதத்தை ஒட்டுக்கேட்டவன் திறந்துவிடுவான் என்பது உண்மைதான். அந்த ஓட்டையை நான் வேண்டுமென்றே விடுவேன், ஏனென்றால் ஒட்டுக்கேட்பதுதான் கதை. எழுதியதை டிஎம்மிடம் உரக்கப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டியபின் அட்டையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். நினைவிலிருந்து திருப்பிச் சொல்லும் டிரிகர் எப்போதும் சொல்பவருக்குச் சாதகமாகத்தான் வளையும்.

இன்னொரு விதி, பலரின் கனவைக் கலைப்பது: குறி எழுதிய பொருளோ பரப்போ எழுதிய இடத்திலிருந்து 10 அடிக்கு மேல் நகர்ந்தால், மந்திரம் வெடிக்காமலே அழிந்துவிடும். புத்தகத்துக்குள் ஒரு கிளிஃப் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு போய் எதிரியிடம் நீட்டலாம் என்ற திட்டம் அதோடு சரி. ஓடும் கப்பலின் தளத்தில் எழுதினால் 10 அடியை எதிலிருந்து அளப்பது என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு உங்கள் டிஎம் சொல்வதே விதி.

ஐந்தாம் படி: மறுபக்கத்திலிருந்து, கண்டுபிடித்து உடைப்பது

நிலவறைக்குள் போகும்போது நீங்கள்தான் வந்தவன். மேலே சொன்னதையெல்லாம் அப்படியே தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்.

கிளிஃப் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. 2014 விதிப்படி இன்டெலிஜென்ஸ் (இன்வெஸ்டிகேஷன்) செக்கில், அதாவது அறிவை வைத்துத் தேட இருபது பக்கப் பகடை உருட்டி, எழுதியவரின் ஸ்பெல் சேவ் டிசியை (எட்ட வேண்டிய எண்ணை) தொட வேண்டும். அந்த டிசி, 8-உடன் அவரது புரொஃபிஷியன்சியும் (லெவலுக்கேற்ற பயிற்சிக் கூடுதல்) திறன் மாடிஃபையரும் (திறன் எண்ணால் வரும் கூடுதல்) சேர்ந்தது. இன்டெலிஜென்ஸ் 18 உள்ள 5-ஆம் லெவல் விஸார்ட் என்றால் 8+3+4, அதாவது 15. இன்டெலிஜென்ஸ் 10 உள்ள, பயிற்சி இல்லாத ஒருவர் 15-ஓ அதற்கு மேலோ உருட்ட வேண்டும்: 30 சதவீத வாய்ப்பு. இன்டெலிஜென்ஸ் 12-ம் பயிற்சியும் உள்ள 5-ஆம் லெவல் ரோகுக்கு 50 சதவீதம். தேடுவதை அவரிடம் விடுங்கள், மற்றவர்கள் 20 அடிக்கு வெளியே நில்லுங்கள்.

பழைய ஆட்டக்காரர்கள் "மந்திரப் பொறியை ரோக் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்" என்று அடித்துச் சொல்வார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் நினைவு அது. அதில் மந்திரப் பொறியைத் தேட 25-உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்ட வேண்டும், கிளிஃபுக்கு 28 வரும், அதைத் தேடும் உரிமையும் ரோகுக்குத்தான். ஐந்தாம் பதிப்பில் யார் வேண்டுமானாலும் தேடலாம்.

டிடெக்ட் மேஜிக்கைச் சடங்காகப் போட்டுக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம். 30 அடிக்குள் மந்திரம் இருந்தால் உணர்த்தும். ஒரு அடி கல், ஓர் அங்குல உலோகம், மூன்று அடி மண் அல்லது மரம், மெல்லிய ஈயத் தகடு இவற்றில் ஏதாவது இடையில் இருந்தால் உணர்த்தாது. உள்பக்கம் ஈயத் தகடு அடித்த பெட்டியைக் கண்டால் தொடுவதற்கு முன் யோசியுங்கள். சும்மா யாரும் ஈயம் அடிக்க மாட்டார்கள். ஃபைண்ட் டிராப்ஸ் என்று ஒரு மந்திரம் இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கண்ணுக்கெட்டிய 120 அடிக்குள் பொறி இருக்கிறதா என்று சொல்லும், ஆபத்து எப்படிப்பட்டது என்று பொதுவாகச் சொல்லும், எங்கே என்று சொல்லாது. 2-ஆம் நிலை ஸ்லாட்டை அதில் போடுவதைவிடக் காயத்துக்கு மருந்தாக வைத்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்தாயிற்று. உடைக்க நேர்வழி டிஸ்பெல் மேஜிக். 120 அடி தள்ளி நின்று போடலாம், 3-ஆம் நிலைக்குள் உள்ள எதையும் செக் இல்லாமலே முடித்துவிடும். அதற்கு மேல் என்றால் 10-உடன் அந்த மந்திரத்தின் நிலையைக் கூட்டி வரும் எண்ணைத் தொட வேண்டும். ஆர்கானா செக் வைத்துக் கலைக்கவும் டிஎம்கள் அனுமதிப்பதுண்டு.

ஸ்லாட்டை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு அந்த 10 அடி விதி கைகொடுக்கும். குறி பெட்டிக்குள் இருப்பதாகத் தெரிந்தால், பெட்டியில் கயிறு கட்டி 10 அடிக்கு மேல் இழுத்துவிடுங்கள், வெடிக்காமல் செத்துவிடும். எழுதியவன் கெட்டிக்காரனாக இருந்தால் குறியைப் பெட்டியில் எழுதாமல், பெட்டிக்கு அடியில் தரையில் எழுதி, "மேலிருக்கும் பொருள் அகற்றப்பட்டால்" என்று வைத்திருப்பான். அப்போது கயிறு இழுப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதே உயிர்ப் பிரச்சினை. பழைய நிலவறைக்காரர்களின் அடையாளமான 10 அடிக் கம்பை நம்பி நிற்பவருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன்: வெடிப்பின் ஆரம் 20 அடி. மேஜ் ஹேண்ட் 30 அடி வரை போகும், ஆனால் 10 பவுண்டுக்கு மேல் தூக்காது. மூடியைத் திறக்கப் போதும், பெட்டியை இழுக்கப் போதாது.

ஆறாம் படி: நீங்கள் டிஎம் என்றால்

முதலில் கணக்கு. 5டி8-இன் சராசரி 22.5. டிஎம் கையேட்டின் பொறி அட்டவணையில் 1 முதல் 4 லெவல் வரை உயிருக்கே ஆபத்தான பொறிக்கு 4டி10 போட்டிருக்கிறது, அதன் சராசரி 22. ஆக, சாதாரண கிளிஃப் ஒன்று சின்ன லெவல் குழுவுக்கு 'கொல்லும்' வகையையும் கொஞ்சம் தாண்டுகிறது. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 உள்ள முதல் லெவல் விஸார்டுக்கு 8 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). 22 சேதம் வந்தால் மயக்கம்கூட இல்லை, மீதமுள்ள சேதம் அவரது முழு ஹிட் பாயிண்டைத் தாண்டுவதால் உடனடி மரணம். 5-ஆம் லெவலில் அவருக்கே 32 இருக்கும், அடி வாங்கி நிற்பார். அதற்கு முன் அலாரமும் பேசும் வாயும் வைத்து ஆடுங்கள். ஆளைக் கொல்லாமலே பயம் காட்ட முடியும்.

அடுத்து, தடயம். எந்தக் குறிப்பும் இல்லாமல் வெடிக்கும் பொறி, ஆட்டக்காரர்களிடம் ஹிட் பாயிண்டை வரியாக வசூலிப்பதுதான். அவர்கள் எதையும் தீர்மானிக்கவில்லை, எதையும் கற்கவும் இல்லை. நடைபாதையில் ஒரே ஒரு கல்லில் மட்டும் தேய்மானம் இல்லை. வேலைக்காரர்கள் அந்த இடத்தில் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார்கள். விட்டத்தில் வட்டமான பழைய கரி, கீழே புதிதாக மாற்றிய தரைப்பலகை. கல்லிடுக்கில் மினுமினுக்கும் பொடி. இரண்டு போதும். கவனித்தவருக்குப் புரிய வேண்டும், கவனிக்காதவர் பின்னால் நினைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் இது எப்படி ஓடும் என்று பார்ப்போம்.

"பெட்டியத் திறக்குறேன்."

"எப்படித் திறக்கிற? எங்க நிக்கிற?"

"அய்யோ, கேக்குறியே! அப்ப ஏதோ இருக்கு. திறக்கல, திறக்கல."

இங்கே தவறு ஆட்டக்காரர் மேல் இல்லை. பொறி உள்ள பெட்டிக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டால் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். முதல் ஆட்டத்திலிருந்தே எல்லாப் பெட்டிக்கும், எல்லாக் கதவுக்கும் கேளுங்கள். வெறும் துணி வைத்த பெட்டிக்கும் கேளுங்கள். இரண்டு மூன்று ஆட்டத்தில், "இடது பக்கம் மண்டி போட்டு, கத்தி முனையால மூடிய நெம்புறேன், மத்தவங்க வாசலுக்கு வெளியே" என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் யார் வெடிப்புக்குள் இருந்தார்கள் என்று பேரம் பேச வேண்டியிருக்காது.

உங்கள் வில்லன்களுக்கும் 200 காசு விதி உண்டு என்பதை மறக்காதீர்கள். கதவுக்கொரு கிளிஃப் வைத்திருக்கும் ஏழை மந்திரவாதியை யாரும் நம்ப மாட்டார்கள். இருப்பது இரண்டு என்றால் எதைக் காப்பாற்ற அவன் அந்தக் காசைச் செலவழித்தான் என்று யோசியுங்கள். அவன் தினமும் நடக்கும் வழியில் இருக்கவே இருக்காது. அவன் ரகசியக் கடிதங்கள் இருக்கும் இடத்தில் இருக்கும்.

பெரியவை

இவற்றைப் பற்றி இப்போதைக்குத் தெரிந்து வைத்திருந்தால் போதும். கார்டன் ஆஃப் ஆரோஸ் ரேஞ்சருக்கானது, 2-ஆம் நிலை: தரையில் நட்ட நான்கு அம்புகள் 30 அடிக்குள் வருகிறவர்கள் மேல் ஒவ்வொன்றாகப் பறக்கும், அம்புக்கு 1டி6. கார்ட்ஸ் அண்ட் வார்ட்ஸ் 6-ஆம் நிலை: 2,500 சதுர அடிக் கட்டடம் முழுவதையும் மூடுபனி, பூட்டிய கதவு, சிலந்திவலைப் படிக்கட்டு என்று 24 மணி நேரம் காக்கும், ஒரு வருடம் தினமும் போட்டால் நிரந்தரம். சிம்பல் 7-ஆம் நிலை, கிளிஃபின் பெரியண்ணன்: 1,000 காசு மதிப்புள்ள பொருட்கள் செலவு, 60 அடி ஆரம், 10 நிமிடம் நீடிக்கும் மரணமோ பைத்தியமோ தூக்கமோ. 13-ஆம் லெவலுக்கு வரும்போது அதைப் படித்துக்கொள்ளலாம்.

கிளம்பிய பிறகு

பொறி கிளம்பியதும் எல்லோரும் சேதத்தைக் கழிப்பதில் மூழ்கிவிடுவார்கள். டிஎம் அந்த நிமிடத்தில் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளிஃப் தீர்ந்துவிட்டது, அட்டையைக் கிழித்துவிடலாம். அலாரமும், திரும்பச் சொல்லும்படி வைத்த வாயும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வெடிப்பு உயிரினங்களுக்குத்தான் சேதம் என்கிறது விதி, ஆகவே பெட்டிக்குள் இருந்த கடிதம் எரிந்ததா என்பது உங்கள் முடிவு. அதை ஆட்டக்காரர்கள் கேட்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கடைசியாக, சத்தம். இடி வெடித்திருந்தால் அடுத்த அறையில் இருப்பவர்கள் எழுந்தாயிற்று, அவர்கள் எந்த வாசல் வழியாக, எத்தனை சுற்றில் வந்து சேர்வார்கள் என்று வரைபடத்தில் இப்போதே எண்ணத் தொடங்குங்கள்.